தமிழ்ப் பேச்சொலியாக்கிகளும் மென்பொருள் உரிமமும்: பார்வை மாற்றுத்திறனாளர் பயன்பாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் பேச்சொலியாக்கியின் வழியே பார்வை மாற்றுத்திறனாளர் கணினியில் தமிழைப் படிக்கின்றனர். அக்குரலின் ஒலிப்பைத் திருத்தும் உரிமை யாருக்கு உரியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பேச்சொலியாக்கி, திரைபடிப்பான், உரிமம், ஒலிப்பு விதி

முன்னுரை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 2012இல் திருத்தப்பட்டபோது, மாற்றுத்திறனாளர் அணுகத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுக்க 52ஆம் பிரிவில் விலக்கு அளிக்கப்பட்டது. 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை உலக நாடுகளுள் முதலாவதாக 2014 ஜூனில் இந்தியா ஏற்புறுதி செய்தது. எனினும், நூலுக்குக் கிடைத்த இவ்விலக்கு அந்நூலைப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு உரியதன்று. அதனை ஆள்வது அதன் உரிமமே.

ஒலிப்பு விதியும் இலக்கணமும்

பேச்சொலியாக்கியில் இயக்கும் நிரல், மொழியின் ஒலிப்பு விதிகள், குரல் தரவு என மூன்று கூறுகளைக் காணலாம். இவற்றுள் இரண்டாவது இலக்கணப் பணியாகும். ககரம் ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ என்பவற்றில் வெவ்வேறாக ஒலிக்கிறது. தொல்காப்பியப் பிறப்பியல் தொடங்கி ஒலிகளை ஆராய்ந்துவரும் மரபின் கணினி வடிவமாகவே இவ்விதிக்கோப்பைக் கருதலாம். காரைக்கால் பகுதியிலுள்ள ‘சுரக்குடி’ என்னும் ஊர்ப்பெயரை நோக்கின், இரட்டித்த ககரம் வல்லொலியாகவும் உயிரிடை டகரம் மென்மையாகவும் ஒலிக்கவேண்டும். மொழிமுதல் சகரத்தை எவ்வாறு ஒலிப்பது என்பதையும் விதி எழுதுபவர் தெரிவுசெய்ய வேண்டியுள்ளது. ‘பஸ்’ போன்ற கடன்சொற்கள் விதிவிலக்குப் பட்டியலில் இடம்பெறவேண்டும்.

உரிம வேறுபாடுகள்

ஜோனதன் டடிங்டன் 1995இல் தொடங்கிய நிரலிலிருந்து வளர்ந்த ‘இஸ்பீக்’, 2015இல் ‘இஸ்பீக் என்ஜி’ எனக் கிளைத்தது. இது குனு பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ் வெளிவருகிறது. இதன் தமிழ் விதிகளை எவரும் திருத்தலாம். திருத்திய மென்பொருளை வெளியிடுவோர் மூலநிரலையும் அதே உரிமத்தில் வழங்கவேண்டும். இதனால் மூடிய வணிக மென்பொருளுக்குள் இதனை இணைக்க இயலாது.

ஆஸ்திரேலியாவில் 2006இல் மைக்கேல் கரன் தொடங்கிய ‘என்விடிஏ’ திரைபடிப்பான் இஸ்பீக்கைத் தன்னுடன் சேர்த்தே இலவசமாக வழங்குகிறது. அதன் உரிமமும் குனு பொதுமக்கள் உரிமமே. எனினும், செருகுநிரல்களிலும் இயக்கிகளிலும் அவ்வுரிமம் சாராத கூறுகளுக்கு அதில் தனி விலக்கு தரப்பட்டுள்ளது. பயனர் விரும்பும் மூடிய குரலையும் இணைப்பதற்கான வழி இவ்விலக்கினால் தெளிவாகிறது.

விண்டோஸ் 10இல் உள்ள ‘வள்ளுவர்’ தமிழ்க்குரல் அவ்வியங்குதளத்தின் உரிமத்துக்கு உட்பட்டது. அதன் விதிகளைப் பயனர் திருத்த இயலாது. திரைபடிப்பானின் அகராதியில் ஒரு சொல்லை வேறு எழுத்தில் எழுதி ஒலிப்பை மாற்றலாம். ஆயின் அது அச்சொல்லை மட்டுமே சீராக்கும்; பிழைக்குக் காரணமான விதி அவ்வாறே இருக்கும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில், நடுவணரசு நிதியுதவியுடன் இந்திய மொழிக் குரல்கள் உருவாக்கப்பட்டன. இத்தகைய பணிகளுக்குப் பயன்பட்ட எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெஸ்டிவல்’ கட்டற்ற உரிமம் உடையது. ஆயினும் நிரல் கட்டற்றதாக இருப்பதனாலேயே அதனுடன் இயங்கும் குரல் தரவும் கட்டற்றதாகிவிடாது. ஒவ்வொரு கூறின் உரிமத்தையும் தனித்தனியே ஆராயவேண்டும்.

முடிவுரை

திருத்தத்தக்க இஸ்பீக்கின் குரல் இயந்திரத்தன்மை மிக்கது. இயல்பாக ஒலிக்கும் வணிகக் குரல்களோ பெரும்பாலும் திருத்த இயலாதவை. இவற்றுள் ஒன்றை இழந்தே மற்றொன்றைப் பெறும் நிலையில் பயனர் உள்ளார். பொதுநிதியில் உருவாகும் குரல்கள், திருத்தவும் பகிரவும் இசைவளிக்கும் உரிமத்துடன் வெளியிடப்படின் இந்நிலை மாறும். ஒலிப்பு விதிக்கோப்புகளை இலக்கண ஆய்வாக ஏற்று, அவற்றைச் செப்பம் செய்து கட்டற்ற உரிமத்தில் வழங்குவது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படுகிறது.