பனிக்கடல் போகும் குழாய்க்குக் கிடர்பூரிலேயே வேலை

ஜனவரி விடியலில் கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுக வாசல் டீக்கடைக்காரர் மங்கி குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடுங்குவார். தெர்மாமீட்டரைப் பார்த்தால் 13, 14 டிகிரி இருக்கும். அந்த ஊரில் நின்றுகொண்டு, டெக் குழாய் உறைந்து வெடிக்கும் என்று சொன்னால் புது ஃபிட்டர் சிரிப்பான். நானும் சிரித்தவன்தான். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1892இல் திறந்த கப்பல்துறை இது. இங்கிருந்து நேரே பனிக்கடலுக்குப் போகும் கப்பல் அபூர்வம். கொழும்பு, சிங்கப்பூர், போர்ட் பிளேர் என்றுதான் பெரும்பாலும் ஓடும். ஆனால் சரக்குக் கப்பலுக்கு அடுத்த உத்தரவு எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரில் நிற்கும்போது “பால்டிக் போ” என்று செய்தி வரலாம். ஹேஸ்டிங்ஸ் மெரைன் ஹவுஸில் சி.டி.சி. என்ற கடலோடிப் புத்தகத்துக்காக அலைந்துவிட்டு முதல் கான்ட்ராக்டில் ஏறும் தம்பிகள் இதைத் தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது.

முதலில் தண்ணீரின் குணம். உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். பனிக்கட்டி உட்கார்ந்த இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் அப்படி நடப்பதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய வால்வுக்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக வழி இருக்காது. அதன் அழுத்தம் ஏறி, எது பலவீனமோ அதைப் பிளந்துவிடும். கடல்நீர் உறைய மைனஸ் 1.8 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். நல்ல தண்ணீருக்குப் பூஜ்யமே போதும்.

கிடர்பூர்க்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். நாம் நிற்பது ஆற்றுத் துறைமுகம். ஃபயர் பம்பை ஓட்டி டெக் கழுவினாலும், நங்கூரச் சங்கிலியில் அப்பிய சேற்றை அடித்தாலும், லைனில் ஏறுவது ஹூக்ளி தண்ணீர். அதில் உப்பு கிடையாது, வண்டல் நிறைய. பம்ப் நின்றதும் அந்த வண்டல் லைனின் தாழ்ந்த இடத்தில் போய் உட்காரும். தண்ணீரை வடிக்கும் டிரெயின் காக் இருப்பதும் அதே தாழ்ந்த இடத்தில்தான்.

பெயர் சொல்லவேண்டாத ஒரு கப்பலில் எனக்கு நேர்ந்தது இது. பால்டிக்கில் ஒரு துறைமுகத்துக்கு முந்தின நாள், டெக் ஃபயர் லைனை வடிக்கச் சொன்னார்கள். காக்கைத் திறந்தேன். கொஞ்சம் கொட்டியது, அப்புறம் சொட்டியது, நின்றது. காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கிடர்பூர்க்காரரான எங்கள் சாரங் (டெக் மேஸ்திரி) மட்டும் குனிந்து பார்த்தார். “சாப், தண்ணி தீரல. சேறு நிக்குது,” என்றார். எனக்குக் குளிர், அவசரம். காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரவு மைனஸ் 12. காலையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. விரிசலைப் பனிக்கட்டியே அடைத்து வைத்திருந்தது. ஐந்து நாள் கழித்து வெதுவெதுப்பான கடலில் பம்பை ஓட்டியபோது, கன்மெட்டல் ஹைட்ரன்ட் ஒன்றின் வயிற்றிலிருந்து முடி கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. தீ பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சீஃப் இன்ஜினியர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே சூடான துறைமுகத்திலேயே ஒரு வேலையை முடியுங்கள். லைன் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு முன்முனையிலிருந்து பின்முனைவரை நடந்து, ஒவ்வொரு டிரெயின் காக்கையும் திறந்து, கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். திருகவே திருகாத காக் இரண்டேனும் கட்டாயம் அகப்படும். கிடர்பூர் டிரைடாக்கில் ஏறும் கப்பலென்றால் அதிர்ஷ்டம், அங்கேயே மாற்றிவிடலாம். ஆற்றைத் தாண்டிக் கடலுக்கு வந்ததும் ஃபயர் லைனை உப்புத் தண்ணீரால் நன்றாக அலசுங்கள்.

குளிர் நெருங்கும்போது செய்யவேண்டியது: சீஃப் ஆபீசரிடமும் சீஃப் இன்ஜினியரிடமும் அனுமதி வாங்கியபின், டெக் லைனைப் பிரிக்கும் ஐசொலேட்டிங் வால்வை மூடுங்கள். தாழ்ந்த இடத்துக் காக்குகளையும் கடைசி ஹைட்ரன்ட்டையும் சேர்த்துத் திறந்தால்தான் காற்று புகுந்து தண்ணீர் இறங்கும். மிச்சத்தை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளலாம். வடித்தபின் காக்குகள் திறந்தே இருக்கட்டும். திறந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை தொங்கவேண்டும், அதே பட்டியல் பிரிட்ஜிலும் இருக்கவேண்டும். நெருப்பு என்று மணி அடித்தால் இருட்டில் எதை எதை மூடவேண்டும் என்று யாரும் தேடக்கூடாது. உறையாதபடி லைன் அமைய வேண்டும், வடிக்க வசதி இருக்கவேண்டும் என்று சோலாஸ் விதியே சொல்கிறது. டேங்கர்களில் வடிக்காமல் பம்பை ஓட்டிக்கொண்டே இருப்பதும் உண்டு. கடைசி ஹைட்ரன்ட்டிலிருந்து ஹோஸ் போட்டு வெளியே விடுவார்கள். அந்த ஹோஸ் டெக்கில் ஒழுகினால் வழுக்கி விழப்போவது நீங்கள்தான்.

டெக்கில் உள்ள நல்ல தண்ணீர்க் குழாய், ஐ வாஷ், லைஃப்போட் இன்ஜின் ஆகியவற்றை மறந்துவிடுவது வழக்கம். பலாஸ்ட் தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைக்காதீர்கள். அதன் ஏர் வென்ட் பனியால் அடைத்திருக்க, தெரியாமல் தொட்டியைக் காலி செய்யப் பம்பை ஓட்டினால் உள்ளே வெற்றிடம் உண்டாகித் தகடே உள்வாங்கும். பம்புக்கு முன்னால் வென்ட்டைப் பார்ப்பது பழக்கமாகவேண்டும். கடல்நீரை உள்ளிழுக்கும் சீ செஸ்ட்டில் பனிக்கூழ் அடைத்தால் இன்ஜினுக்குக் குளிர்நீர் நிற்கும். கீழ் சக்ஷனுக்கு மாறுவதும், சூடாகி வரும் தண்ணீரைத் திரும்ப சீ செஸ்ட்டுக்கே விடுவதும் செகண்ட் இன்ஜினியர் பார்க்கும் வேலை. ஆனால் எந்த வால்வு எங்கே என்று அவர் கேட்கும் முன் நீங்கள் அங்கே நிற்கவேண்டும்.

நல்ல தண்ணீர்க் குழாயில் வடித்தபின்னும் தங்கும் மிச்சத்துக்குக் கரையில் ஒரு வழி உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடுபோல வசதி வைத்த கேரவன் வண்டிகளைக் குளிர்காலத்தில் நிறுத்தும்போது குடிநீர்க் குழாய்களில் இளஞ்சிவப்பு உறைதடுப்பு திரவம் ஏற்றிவிடுவார்கள். சிங்க்குக்கு அடியில் வளைவில் நிற்கும் தண்ணீரை எப்படி வடித்தாலும் கொஞ்சம் தங்கும். அந்தத் திரவம் பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கால். இன்ஜின் கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும் விஷம். ஸ்டோரில் இருக்கிறதே என்று அதைக் குடிநீர் லைனில் ஊற்றிவிடாதீர்கள்.

வேலைவாய்ப்புப் பேச்சுக்கும் வருவோம். துருவக் கடல்களுக்கான போலார் கோட் 1.1.2017 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கான பயிற்சி விதிகள் 1.7.2018இல் வந்தன. அவை கப்பல்தலைவரையும் அதிகாரிகளையும் குறிவைத்தவை. ஃபிட்டருக்கு, போசனுக்கு என்று தனி வகுப்பு எதிர்பார்க்காதீர்கள். டெக் லைனைத் தன் கையால் வரைந்து காட்டத் தெரிந்தவன் இன்டர்வியூவில் தனியாகத் தெரிவான். 2025இல் பக்கத்து கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் துருவ ஆய்வுக் கப்பல் ஒன்றுக்காக நார்வேயின் காங்ஸ்பெர்க்குடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அதனால் இந்த அறிவுக்கு இங்கேயே வேலை இருக்கும் என்று நம்புகிறேன்.

கம்பளி உள்ளாடையும் கையுறையும் கிடர்பூர் பேன்சி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒன்று: குளிர் விட்டபின் லைனை ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். காக்குகளை மூடி, வால்வை மெல்லத் திறந்து, அழுத்தத்தை ஏற்றி, ஹைட்ரன்ட் ஹைட்ரன்ட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டு நடங்கள். எங்கள் சாரங் அந்த வேலைக்கு டார்ச்சும், தன் சட்டைப்பையில் எப்போதும் சுருட்டி வைத்திருக்கும் ஒரு முழக் கம்பியும் எடுத்து வருவார்.