கண்காட்சிக்கு வந்த ஏழைகள்

விக்டோரியா மகாராணியார் காலத்து லண்டன் என்றதும் தொழிற்சாலைகளும் இருப்புப் பாதைகளும் பெருகிய செல்வ நகரமே நம் நினைவுக்கு வரும். அந்நகரில் தலை சாய்க்க இடமின்றி அலைந்தோரும் பலர் இருந்தனர். அவர்களைக் காண விரும்பும் தோழியர் லூக் ஃபைல்ட்ஸ் என்னும் ஓவியரின் படத்தைப் பார்க்க வேண்டும்.

1869 டிசம்பர் 4-ஆம் நாள் வெளிவந்த ‘தி கிராஃபிக்’ வார ஏட்டின் முதல் இதழில், வீடற்றோர் இரவில் வரிசையாகக் காத்திருக்கும் காட்சியை இவர் வரைந்திருந்தார். ஓவியர் மில்லே அதனைச் சார்லஸ் டிக்கன்ஸிடம் காட்டினார். டிக்கன்ஸ் தம் கடைசி நாவலுக்குப் படம் வரையும் பணியை இவருக்கே அளித்தார். அதே காட்சியைப் பின்னர் எட்டடி அகலத்தில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டி, 1874-இல் ராயல் அகாதெமி கண்காட்சியில் வைத்தார்.

கடுங்குளிர் இரவு. காவல் நிலையத்தின் வெளிச்சுவரை ஒட்டி மக்கள் நிற்கின்றனர். கைக்குழந்தையுடன் ஒரு தாய், குடும்பத்தோடு ஒரு தொழிலாளி, குடியால் கெட்ட ஒரு பருத்த மனிதன். அரசின் ஏழையர் விடுதியில் ஓரிரவு தங்க, காவலரிடம் சீட்டுப் பெற வேண்டும். அதற்கே இத்தனை காத்திருப்பு! தங்கியவர்கள் சும்மா போய்விடவும் முடியாது. கல் உடைத்தோ, பழங்கயிற்றை நார் நாராகப் பிரித்தோ ஈடு செய்தாக வேண்டும்.

இவர்களுக்குப் பின்னால் சுவரில் சில அறிவிப்புகள் ஒட்டப்பட்டுள்ளன. அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் அவை படமாட்டா. ஒரு குழந்தை பற்றிய அறிவிப்பில் பரிசுத் தொகை 2 பவுன். காணாமற்போன நாய்க்கோ 20 பவுன்! படம் முழுவதிலும் என் மனத்தை மிகவும் வருத்தியது இதுதான். பிறரைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லாமல், ஓவியர் அந்த இரண்டு தொகைகளையும் சுவரில் எழுதி வைத்துவிட்டார்.

இத்தகைய அவலம் கலைக்கு ஏற்ற பொருளன்று எனச் சிலர் குறை கூறினர். ஆயினும் பார்க்க வந்த கூட்டத்தைத் தடுக்க, படத்தின் முன் கம்பித் தடுப்பு அமைத்துக் காவலரையும் நிறுத்த வேண்டியதாயிற்று. தெருவில் கண்ட ஏழைகளையே கூலி கொடுத்து அழைத்து வந்து ஃபைல்ட்ஸ் வரைந்திருந்தார். அவர்கள் தெருவில் நின்றபோது இப்படி யார் கூடிப் பார்த்தார்கள்?

மருந்து வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய தாமஸ் ஹாலோவே 1883-இல் இவ்வோவியத்தை வாங்கினார். தம் மாளிகையை அழகுபடுத்த அன்று. லண்டனுக்கு அருகே எகம் என்னும் ஊரில் பெண்களுக்கெனத் தாம் கட்டிவந்த கல்லூரிக்காக. விக்டோரியா மகாராணியார் 1886-இல் திறந்து வைத்த அக்கல்லூரியில், உயர்கல்வி தேடி வந்த பெண்களின் கண்ணெதிரே அந்த வரிசையும் இருந்தது. படம் இன்றும் அக்கல்லூரிக்கே உரியது.