மடிக்கணினியின் நோயும் நோய்முதலும்

மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரையின் அடிப்பட்டையும் குறிப்படங்களும் ஒருங்கே மறைந்து, சிறிது பொழுதில் மீளத் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். விண்டோஸின் எக்ஸ்புளோரர் என்னுஞ் செயன்முறை நிலைகுலைந்து மீண்டும் தொடங்குவதே இதுவாம். ஒருமுறை நிகழின் பொறுக்கலாம். நாடோறும் நிகழின் காரணம் ஒன்று உண்டென்பது துணிபு.

இந்நிலையில் யாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவோர் உளர். பிரதியெடுத்து வையாத மாணவன் ஓராண்டுக் குறிப்புகளை இழப்பது இவ்வவசரத்தினாலேயே. ஆதலின் முதற்கண் கோப்புகளை வேறிடத்திற் பிரதிசெய்க.

அடுத்து, ஈவன்ற் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைத் திறந்து, 1000 என்னும் எண்ணுடைய குறிப்புகளை நோக்குக. வீழ்ந்த செயன்முறையின் பெயரும், பிழை நேர்ந்த கூறின் பெயரும் அங்கே காணப்படும். ஒரே கூறு பன்முறை வருமாயின் அதனை ஐயுறுக. அது விண்டோஸுக்கே உரியதாயின் உடனே குற்றஞ்சாட்டற்க. பிறிதொன்றின் பிழையால் அது வீழ்ந்திருத்தலுங் கூடும்.

பின்பு சேவ் மோட்டில் இயக்கிப் பார்க்க. ஆங்குக் குறை தோன்றாதாயின், நாம் சேர்த்த மென்பொருள்களை ஆராய்க. வலச்சொடுக்குப் பட்டியலில் தம்மை இணைத்துக்கொள்வன எக்ஸ்புளோரரை வீழ்த்துதல் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துக. ஒருங்கே பலவற்றை மாற்றுவோன், குறை நீங்கினும் காரணம் அறியான். ஆங்குந் தோன்றுமாயின், முறைமைக் கோப்புகளை எஸ்.எவ்.சி. கட்டளையாலும், நினைவகத்தை விண்டோஸின் நினைவகச் சோதனைக் கருவியாலும் சோதிக்க.

நோயை அறிந்து, அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்து செய்க என்பது வள்ளுவர் உடலுக்கு வகுத்த நெறி. பொறிக்கும் அந்நெறியே பொருந்துவதாம்.