பைபர் படகில் நங்கூரத்திற்குத் தனி அறை

நம் கிழக்குக் கடற்கரையில் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடி இழைப் படகுகள் பெருமளவில் பிடித்துக் கொண்டன. எஞ்சின் வந்தது, வலை பெருகியது, செல்லும் தொலைவும் கூடியது. ஆனால் நங்கூரம் மட்டும் பல படகுகளில் இன்னும் அணியத்தில் வெறுமனே, சிக்குண்ட கயிற்றின் மேல் கிடக்கிறது. கரையலையைக் கடக்கும்போது அது உருண்டு வலையைக் கிழிக்கிறது. படகின் உட்பரப்பைக் கொத்துகிறது. அவசரத்தில் நங்கூரத்தை வீசும்போது கயிற்று வளையத்தில் கால் சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுத்துச் செல்லும்.

எஞ்சின் நின்றுவிட்ட படகுக்கு நங்கூரமே துணை. பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டருக்குள்தான். அங்கே நங்கூரம் உடனே இறங்கிப் பிடித்தால் படகு நிற்கும். சிக்கெடுக்க அரை மணி நேரம் ஆனால், 1974, 1976 ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையை நோக்கி நீரோட்டம் படகைத் தள்ளிக்கொண்டு போகக்கூடும். எனவே நங்கூரத்திற்கு ஓர் அறை அமைப்பது வீண் செலவு ஆகாது.

எந்த இடத்தில் அமைக்கக் கூடாது?

பலரும் தவறு செய்வது இங்கேதான். அணியத்தின் முனையில் மூடப்பட்ட ஓர் அறை பல படகுகளில் உண்டு. தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். அது வீணாகக் கிடக்கும் இடமன்று. படகில் நீர் நிறைந்தாலும் மூழ்காமல் தாங்குவதற்காகக் காற்றோ நுரையோ அடைத்து வைக்கப்பட்ட மிதப்பு அறை. அதன் கொள்ளளவில் ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 1 கிலோ எடையைத் தாங்கும். 70 லிட்டர் இடத்தை வெட்டித் திறந்தால் 70 கிலோ தாங்கும் சக்தி போய்விடும்.

நாகை வட்டாரத்தில் ஒரு பயிற்சி முகாமின்போது, முன்தளத்தை வாளால் அறுத்து, நுரையைத் தோண்டி எடுத்து, மிக அழகாகக் கதவும் போட்டிருந்த படகு ஒன்றைக் கண்டேன். "இடம் சும்மாதானே ஐயா கிடந்தது" என்றார் உரிமையாளர். வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படகு கவிழ்ந்தால் பிடித்துத் தொங்குவதற்கு இருந்த மிதப்பு குறைந்துவிட்டது. அதை மீண்டும் அடைக்க, அறை அமைத்த செலவைவிடக் கூடுதலாகச் செலவானது.

சரியான இடம்

மிதப்பு அறையின் பின்சுவருக்கும் முதல் குறுக்குப் பலகைக்கும் இடையில் அறையை அமைக்கலாம். முன்பின்னாக 50 செ.மீ. நீளம் போதும். அதைவிட முக்கியமானது தரையின் உயரம். ஆட்கள், ஐஸ், வலை, எரிபொருள் யாவும் ஏற்றிய நிலையில் படகை நீரில் நிறுத்தி, வெளிப்புறம் நீர்மட்டம் நிற்கும் இடத்தைச் சாக்குக் கட்டியால் குறிக்க வேண்டும். அறையின் தரை அக்குறிக்கு 8 முதல் 10 செ.மீ. மேலே அமைய வேண்டும். அப்போதுதான் பக்கத் துளைகள் வழியே நீர் வெளியே வடியும். தரை தாழ்ந்தால் கடல்நீர் உள்ளே வரும். தரைக்கு அடியில் எஞ்சும் இடத்தில் நுரை அடைத்து மூடினால் கூடுதல் மிதப்பும் கிடைக்கும்.

எவ்வளவு கொள்ள வேண்டும்?

10 பாகம் ஆழம் என்பது சுமார் 18 மீட்டர். நங்கூரம் நன்கு பிடிக்க, ஆழத்தைப் போல் 5 மடங்கு கயிறு விட வேண்டும்; ஆக 90 மீட்டர். 12 மி.மீ. நைலான் கயிறு 100 மீட்டர் வைத்துக் கொள்க. குவியலாக விழுந்தால் இது 30 முதல் 35 லிட்டர் இடத்தை அடைக்கும். நங்கூரம் 10 கிலோ, 8 மி.மீ. சங்கிலி 4 மீட்டர், கயிறு எல்லாம் சேர்ந்து சுமார் 25 கிலோ. நனைந்தால் இன்னும் கூடும். இந்த எடை முன்னால் சேர்வதால் அணியம் தாழும். ஐஸ் பெட்டியைச் சற்றுப் பின்னால் நகர்த்திச் சமன் செய்து கொள்ளலாம். மிதக்கும் வகைக் கயிறு வேண்டாம். அது எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

நான்கு கொக்கிகள் கொண்ட நங்கூரம் எந்தப் பெட்டியிலும் எளிதில் அடங்காது. முதலில் அட்டையில் அளவு வெட்டி, நங்கூரத்தை உள்ளே வைத்துப் பார்த்த பின்பே பலகையைத் தொட வேண்டும்.

அமைக்கும் முறை

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 12 மி.மீ. கடல்சார் ப்ளைவுட் வாங்குக. 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்றில் இரண்டு படகுகளுக்கு வெட்டலாம். இருவர் சேர்ந்து வாங்குவது நலம். இத்துடன் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைப் பாய் சுமார் 3 கிலோ, பாலியஸ்டர் ரெசின் 7 முதல் 8 கிலோ தேவைப்படும்.

ஒட்டும் இடத்தில் பழைய வண்ணம், மெழுகு, எண்ணெய் யாவும் போகும்வரை நன்றாகத் தேய்க்க வேண்டும். பாதித் தோல்விகள் இங்கேதான் நேர்கின்றன. பலகையின் விளிம்பைப் படகின் சுவரில் இறுக்கி முட்டவிடாமல் 5 மி.மீ. இடைவெளி விட்டு, புட்டியால் வளைவாக நிரப்புக. முட்டினால் அந்த இடத்தில் படகின் தோல் நாளடைவில் வெடிக்கும். பிறகு 10, 15, 20 செ.மீ. அகலத்தில் மூன்று அடுக்குப் பாய்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். பலகையின் இருபுறமும், அறுத்த ஓரங்களும் ரெசின் குடித்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை: கேட்டலிஸ்ட்டையும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டர் ரெசினில் முன்பே கலந்திருக்க வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் அணிக. சித்திரை, வைகாசி வெயிலில் ரெசின் விரைவில் இறுகுமாதலால் காலை நேரத்தில் சிறிது சிறிதாகக் கலக்குக. தூறல் உள்ள நாளில் வேலையைத் தள்ளிப் போடுவதே நல்லது.

இரு பக்கமும் தரையை ஒட்டி 25 மி.மீ. வடிதுளைகள் வேண்டும். துளையில் குழாய்த் துண்டு பொருத்தி ரெசினால் அடைக்காவிட்டால் பலகை நீர் குடித்து ஊறிவிடும். மூடியின் ஓரத்தில் கயிறு செல்ல ஒரு வெட்டு விட்டால், நங்கூரம் போட்ட பின்னும் மூடி மூடியே இருக்கும். கொக்கி ஒரு கையால் திறக்கும்படி இருக்கட்டும். பெட்ரோல் கேனை இந்த அறையில் வைக்கக் கூடாது, ஆவி தங்கும்.

கயிற்றின் உள்முனையை அறைக்குள் ஒரு வளையத்தில் மெல்லிய கயிற்றால் கட்டுக. நங்கூரம் பாறையில் மாட்டிப் படகு அலையில் தத்தளிக்கும்போது கத்தியால் ஒரே வெட்டில் விடுவிக்கலாம். படகின் பளுவைத் தாங்க வேண்டியது முன்தளத்தின் கட்டுக்குற்றி. அறையின் வளையம் அன்று.

பலகை அமைக்க இப்போது வசதியில்லாதவர்கள் பழைய மீன் பெட்டி ஒன்றை முதல் குறுக்குப் பலகையோடு இறுகக் கட்டி, கயிற்றை அதில் போட்டு, நங்கூரத்தை மேலே வைத்து ஒரு இழுமுடிச்சுப் போடலாம். வேலை முடிந்ததும் கரையிலேயே ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு, நங்கூரத்தை எடுத்து வீசிப் பாருங்கள். இருட்டில் எஞ்சின் நின்றால் அப்படித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.