கூடையும் கோளமும்: கனவடிவங்களை வரையப் பழகுதல்

ஓவியம் கைப்பழக்கத்தால் வருவதென்பது நம் நாட்டார் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கருத்து. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, பழக்கத்தால் அடையத்தக்கவற்றை எண்ணத் தொடங்குமிடத்து ஓவியத்தை முதற்கண் வைத்துச் செந்தமிழை அதனை அடுத்து வைக்கின்றது. தமிழ் பயிலும் மாணவனாகிய யான் இவ்வைப்புமுறையை எண்ணிப் பன்முறை மகிழ்ந்ததுண்டு. ஆயினும் பழக்கம் ஒன்றே போதுமோ என்னும் ஐயம் சென்ற ஆண்டில் எனக்கு எழுந்தது. பிழையோடு பழகிய கை பிழையிலேயே தேர்ச்சி பெறுமன்றோ? பழக்கத்தோடு திருத்தமும் கூடினாலன்றிக் கலை கைவராது என்பதனை யான் கற்றது வகுப்பறையில் அன்று. நம் திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டில், ஒரு வெங்காயக் கூடையின் முன்னர். அங்ஙனம் கற்றவற்றை, ஓவியத்தில் விருப்பமுடைய நண்பர்கட்கு ஒரு பாடமாக ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

இளமை முதல் யான் படம் வரைந்து வந்தவன். வீட்டார் புகழ்ந்தனர், உறவினர் புகழ்ந்தனர், பள்ளித் தோழரும் புகழ்ந்தனர். பத்தாண்டுகள் இங்ஙனம் கழிந்தன. புகழ்ந்தாருள் ஒருவரேனும் இன்ன இடத்தில் இன்ன பிழை என்று கூறினாரல்லர். யானும் கேட்டேனல்லேன். ஆகவே ஒன்பது வயதில் எவ்வாறு ஒரு குடத்தை வரைந்தேனோ, ஏறக்குறைய அவ்வாறே பத்தொன்பது வயதிலும் வரைந்துகொண்டிருந்தேன். கோடு மட்டும் விரைவாயிற்று, குடம் குடமாகவில்லை.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், ஓவியச்சுவடியும் கரிக்கோலும் கொண்டு காந்தி மார்க்கெட்டிற்குச் சென்றேன். மூட்டை சுமப்போர் வழிவிடுமாறு கூவிக்கொண்டு விரைந்தனர். பரங்கியும் பூசணியும் குவியல் குவியலாகக் கிடந்தன. ஓர் ஓரத்தே சின்ன வெங்காயம் நிறைந்த மூங்கிற்கூடையின் அருகில் ஒரு மூதாட்டியார் அமர்ந்திருந்தார். யான் எதிரே நின்று அக்கூடையை வரைந்தேன். வரைந்து முடித்ததும் அவர் சுவடியை வாங்கிப் பார்த்தார். புகழுரையை எதிர்நோக்கி நின்ற என் செவியில் விழுந்த சொற்கள் இவை: “தம்பி, இந்தக் கூடையில வெங்காயத்தக் கொட்டினா ஒண்ணுகூட நிக்காது. எல்லாம் இந்தப் பக்கமா உருண்டு ஓடிடும். அடியும் தரையில ஒக்காரலையே!”

அருகிலிருந்தோர் நகைத்தனர். யான் நாணமுற்றுச் சுவடியை மூடிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். இரண்டு நாள் கரிக்கோலைத் தொடவில்லை. இனி வரைவதே வேண்டா என்றும் எண்ணினேன். மூன்றாம் நாள் அப்படத்தை மீண்டும் நோக்கியபொழுது, அம்மையார் கூறியது எழுத்துக்கு எழுத்து மெய்யாயிருந்தது. கூடையின் வாய் இடப்புறம் சாய்ந்திருந்தது. அடிப்பகுதியோ ஒரு நேர்கோடாய் இருந்தது. ஓவியப் பயிற்சி சிறிதும் இல்லாத அவர், கூடையோடு வாழ்ந்த அறிவால், என் பத்தாண்டுப் பிழையை ஒரு நொடியிற் கண்டுவிட்டார்.

இப்பிழையின் காரணத்தை ஆராய்வாம். உலகத்துப் பொருள்கட்கு நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகள் உண்டு. தாளுக்கோ நீளமும் அகலமுமே உள. மூன்றனை இரண்டனுள் அடக்குமிடத்து, கண் காண்பதனை வரையாது மனம் அறிந்ததனையே கை வரைந்துவிடுகின்றது. கூடை தரையில் நிற்பது என்பதை மனம் அறியும். ஆகவே தரை நேராயிருப்பதுபோல் அடியையும் நேர்கோடாக இழுத்துவிடுகின்றது. கண்ணோ அங்கு வளைவையே காண்கின்றது. கனவடிவங்களை வரையக் கற்றலாவது, அறிந்ததனைச் சிறிது மறந்து கண்டதனைக் காணக் கற்றலே என்க.

முதற்பயிற்சி கூடை. அஃது உருளை வடிவின் இனம். அதன் வாய் வட்டமேயாயினும், நம் கண்ணுக்கு நீள்வட்டமாகத் தோன்றும். கண்மட்டத்திற்கு நேரே பிடித்த வட்டம் வெறுங்கோடாகவே தெரியும்; கண்மட்டத்தினின்று கீழே இறங்க இறங்க அது விரிந்து வட்டத்தை நெருங்கும். ஆகவே, கண்மட்டத்திற்குக் கீழே நிற்கும் கூடையின் அடிவளைவு, வாயைவிட அளவிற் சிறியதாயினும், தன் அகலத்தை நோக்க மிகுதியும் உருண்டிருத்தல் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கூடையாயின் நீள்வட்டத்தின் நெடிய அச்சு கிடையாகவே இருத்தல் வேண்டும். சாயுமாயின் வெங்காயம் உருண்டோடும். நீள்வட்டத்தின் இருமுனைகளும் மீனின் வால்போற் கூராகாமல் வளைந்து திரும்புதலும் வேண்டும். இதற்கு மணிக்கட்டை மட்டும் அசைத்தல் போதாது. தோளிலிருந்து கை முழுவதையும் அசைத்து, தாளைத் தொடாமல் இருமுறை சுற்றிப் பார்த்து, மூன்றாம் முறை தொட்டு வரைதல் நலம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் நீள்வட்டங்களே வரைந்தேன். முதல் வாரத்து நீள்வட்டங்களை உருளைக்கிழங்கு என்பதே பொருந்தும்.

இரண்டாம் பயிற்சி பெட்டி. தக்காளி வரும் பெட்டிகளும், வரிசையாக நிற்கும் கடைகளும், மார்க்கெட்டின் அருகே முதல் உலகப்போரின் நினைவாக நிற்கும் மணிக்கூண்டும் இவ்வினத்தன. ஒன்றற்கொன்று இணையாய் நம்மைவிட்டு அகலும் விளிம்புகள், தொலைவிற் செல்லச் செல்ல நெருங்கி ஒரு புள்ளியிற் கூடுவன போலத் தோன்றும். தரைக்கு இணையான விளிம்புகள் கூடும் அப்புள்ளி கண்மட்டக் கோட்டின்மேல் அமையும். இதனை ஓவிய ஆசிரியர் பெர்ஸ்பெக்டிவ் என வழங்குவர். பெட்டியொன்றை வரைந்தபின், அதன் விளிம்புகளை வேறொரு நிறக் கோலால் தாளின் எல்லைவரை நீட்டிப் பார்த்தல் வேண்டும். ஓரினத்து விளிம்புகள் மூன்றும் ஒரு புள்ளியை நோக்கிச் செல்கின்றனவா, அன்றி ஒன்று மட்டும் வழிதவறிப் போகின்றதா என்பதை அக்கோடுகளே கூறிவிடும். இது தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் வழி; ஆசிரியர் அருகில் இல்லாத நாளிலும் கைகொடுப்பது.

இம்முறை மேனாட்டில் உறுதிப்பட்ட வரலாறும் திருத்தத்தின் பெருமையையே காட்டுகின்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பிளாரன்சு நகரத்துச் சிற்பி புரூனெல்லெஸ்கி, அந்நகரத்து ஞானஸ்நான மண்டபத்தை ஒரு பலகையில் வரைந்து, பலகையில் ஒரு துளையிட்டார். காண்போர் பலகையின் பின்னின்று அத்துளைவழியே நோக்கி, எதிரே பிடித்த கண்ணாடியில் அவ்வோவியத்தைக் காண்பர். கண்ணாடியை விலக்கினால் மெய்யான மண்டபமே தோன்றும். ஓவியமும் கட்டடமும் ஒத்திருத்தலை யாவரும் ஒப்பிட்டறியுமாறு அவர் செய்த சோதனை அது. பின்னர் 1435-ஆம் ஆண்டில் ஆல்பெர்ட்டி என்பார் இம்முறையை நூலாக எழுதி வைத்தார். தம் படத்தை மெய்ப்பொருளின் எதிரே நிறுத்திச் சோதிக்க அஞ்சாமையே அச்சிற்பியின் பெருமை என்பது என் கருத்து.

மூன்றாம் பயிற்சி பரங்கிக்காய். புறக்கோடு மட்டும் வரைந்தால் பரங்கி தட்டையாகவே கிடக்கும். ஆயின் இயற்கை அதன்மேற் பள்ளமும் மேடுமாகக் கோடுகளை இழைத்து வைத்திருக்கின்றது. காம்பினின்று புறப்படும் அக்கோடுகள் வயிற்றுப்புறத்தே அகன்று, ஓரத்தை அணுகும்போது நெருங்கி வளைந்து மறையும். அவ்வளைவைப் பின்பற்றினால் நிழல் சிறிதும் தீட்டாமலே திரட்சி புலப்படும். பரங்கியில் இதனைக் கற்றபின், கோடில்லாத வெங்காயத்தின்மேலும் எலுமிச்சையின்மேலும் அத்தகைய கோடுகளை மனத்தால் கற்பித்து வரைதல் எளிதாகும்.

நிழல் தீட்டுதல் இதற்கு அடுத்த படி. ஒளி நேரே படுமிடம், ஒளி மங்குமிடம், இருள் செறியுமிடம், தரையினின்று திரும்பிய ஒளியால் ஓரத்தே இருள் சிறிது தெளியுமிடம், தரைமேல் விழும் நிழல் என ஐந்தனையும் ஓர் உருண்டையில் வேறுபிரித்துக் காணல் வேண்டும். நம் முன்னோர் இதனை அறியாரல்லர். விஷ்ணு தர்மோத்தரம் என்னும் வடநூலின் சித்திர சூத்திரப் பகுதி, இலை போன்ற கோடுகளாலும், மிக நுண்ணிய தீட்டலாலும், புள்ளிகளாலும் திரட்சி காட்டும் மூவகை முறைகளைக் கூறுகின்றது. வண்ணம் தீட்டாத கோட்டு ஓவியத்தைப் புனையா ஓவியம் எனப் பெயரிட்டுப் போற்றிய நாடு நம் நாடு. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களின் கீழே மறைந்துகிடந்து, 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி அவர்களாற் கண்டறியப்பெற்ற சோழர் கால ஓவியங்களிலும், தோளின் திரட்சியை ஒரு வளைகோடே காட்டி நிற்றலைக் காணலாம்.

இனித் திருத்தம் பெறும் முறையைக் கூறுவாம். படத்தைக் கண்ணாடியின் எதிரே பிடித்து நோக்கின், பழகிய கண்ணுக்கு மறைந்திருந்த சாய்வு உடனே வெளிப்படும். மூன்று நாள் மூடிவைத்துப் பின் நோக்கின், தன் படமே பிறன் படம்போல் தோன்றும். இவற்றினும் சிறந்தது பிறர் கண். ஆயின் கேட்கும் முறையொன்று உண்டு. ‘நன்றாயிருக்கின்றதா?’ என்று வினவினால் ‘நன்று’ என்ற விடையே வரும். அஃது ஒன்றும் கற்பியாது. ‘இக்கூடை தரையில் நிற்கின்றதா? எப்பக்கம் சாய்கின்றது?’ என்று வினவுதல் வேண்டும். திருத்துவோரும் ‘சரியில்லை’ என்று ஒழியாமல், ‘நீள்வட்டத்தின் வலப்பாதி இடப்பாதியினும் பருத்திருக்கின்றது’ என இடஞ்சுட்டிக் கூறுதல் வேண்டும். எங்கள் விடுதியில் யாம் நால்வர் கூடி வாரந்தோறும் சுவடிகளை மாற்றிக்கொண்டோம். பிறன் படத்திற் பிழை தேடிப் பழகிய கண், தன் படத்திற்கு வரும்போதும் அயர்வதில்லை. சென்னையில் 1850-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹன்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய ஓவியப்பள்ளி, இன்று அரசினர் கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. அத்தகைய கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பு நம்மில் எல்லார்க்கும் இல்லை. நாற்பது பக்கச் சுவடியும் நாணாத நண்பர் இருவரும் யார்க்கும் கிடைப்பர்.

கைப்பேசி ஒரு நொடியிற் படம் பிடித்துத் தரும் இந்நாளில் இவ்வுழைப்பு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். கைப்பேசி கூடையைக் காட்டும். கூடையைக் காண நமக்குக் கற்பியாது. நூறு நீள்வட்டம் வரைந்தவன் நீர்க்குடத்தையும், கிணற்று விளிம்பையும், தேர்ச்சக்கரத்தையும் புதிதாகக் காண்கின்றான்.

நான்கு திங்கள் கழித்து, யான் மீண்டும் அம்மூதாட்டியாரிடம் சென்றேன். அதே இடம், அதே கூடை. இம்முறை அரைமணி நேரம் வரைந்து, “அம்மா, இப்போது கூடை நிற்குமா?” என்று யானே கேட்டேன். அவர் சுவடியைச் சற்றே எட்டப் பிடித்து நோக்கிக் கூறினார்: “கூடை நல்லா ஒக்காந்திருக்கு தம்பி. ஆனா வெங்காயம் எல்லாம் ஒரே அச்சுல வார்த்தாப்புல இருக்கே. எந்த ஊர்ல இப்படி வெளையுது?”

குனிந்து நோக்கினேன். கூடையில் ஒரு வெங்காயத்தைப்போல் மற்றொன்று இல்லை. என் தாளிலோ அனைத்தும் ஒரே உருண்டை. இம்முறையும் அருகிலிருந்தோர் நகைத்தனர். யானும் உடன் நகைத்தேன். சுவடியின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, அவர் எடுத்துக் கொடுத்த ஐந்து வெங்காயங்களைத் தரையில் வரிசையாக வைத்து, முதலாவதை வரையத் தொடங்கினேன்.