உப்பு காயாத ஊரில் கார்

மாணவர்களே, கனடாவில் குளிர்காலம் வந்தால் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள். உப்பு கலந்த நீர் 0 டிகிரியில் உறையாது என்பதால் பனிக்கட்டி உருகிவிடும், வண்டிகள் வழுக்காது. ஆனால் அந்த உப்புநீர் காரின் அடிப்பாகத்தில் தெறித்து இரும்பை அரித்துவிடும்.

மஸ்ஜித் இந்தியாவில் பனியும் இல்லை, சாலை உப்பும் இல்லை. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் திடீர் வெள்ளம் மட்டும் வரும். அது மழைநீர். அதே கிள்ளான் ஆறு கடலைச் சேரும் இடத்திலோ கதை வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருகும்போது, போர்ட் கிள்ளான், காப்பார் வட்டாரத்தின் தாழ்வான இடங்களில் கடல்நீர் ஏறுவதுண்டு. 1 லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் ஓடிவரும் கார், கனடாக் கார் படும் பாட்டைத்தான் படும்.

துருப்பிடித்தல் ஒரு சின்ன மின்கலம் போன்றது. ஓரிடத்தில் இரும்பு அணு 2 எலக்ட்ரான்களை இழந்து இரும்பு(II) அயனியாகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்குப் போக, அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடு அயனியாகின்றன. ஆணியை வைத்துச் செய்யும் சோதனையில் நீலமும் இளஞ்சிவப்பும் தோன்றுமே, அவை இந்த இரண்டு இடங்கள்தாம். சுற்று முழுமையடைய, இடையிலுள்ள நீரில் அயனிகள் நகர வேண்டும். மழைநீரில் அயனிகள் குறைவு, உப்புநீரில் ஏராளம். எனவே துரு விரைகிறது.

"வெயிலில் நிறுத்தினால் காய்ந்துவிடுமே" என்பார்கள். நீர்தான் காயும், உப்பு அங்கேயே தங்கும். அம்மாவின் கல்லுப்பு ஜாடி மழைநாளில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால், சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையும். நம் ஊர் இரவுகளில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். பகலில் காய்ந்த உப்பு இரவில் மறுபடி நனைகிறது. கடுங்குளிரில் வேதிவினை மெதுவாகும். நமக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

ஆகவே கடல்நீரில் போய்வந்த காரை அன்றைக்கே நல்ல நீரால் கழுவ வேண்டும். மேலே மெழுகு பூசிப் பளபளப்பாக்குவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். நீர் பாய வேண்டியது அடிப்பாகத்திலும் சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவிலும். கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளில் சேறு அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கார் நீரில் மூழ்கியிருந்தால் மட்டும் இயந்திரத்தை முடுக்கவே கூடாது. இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகச் சொல்லுங்கள்.

துத்தநாகம் பூசிய தகடு கொஞ்சம் தாங்கும். கீறல் விழுந்தாலும், இரும்புக்கு முன்னால் துத்தநாகமே எலக்ட்ரான்களை இழக்கும். அது தீர்ந்தபின் இரும்பின் முறை.

வீட்டில் செய்து பாருங்கள். பூச்சில்லாத 2 இரும்பு ஆணிகளை உப்புநீரில் முக்கி எடுங்கள். ஒன்றைக் குழாய்நீரில் நன்றாக அலசிவிட்டு, இரண்டையும் வெயிலில் காயவைத்துச் சன்னலோரம் வையுங்கள். ஒரு வாரம், தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள்: எந்த ஆணி ஈரமாக இருக்கிறது, எதில் பழுப்பு முதலில் ஏறுகிறது?