சம்பளக்காரரின் செடான்: புதிதா, பழசா?

பதவி உயர்வோ புது வேலையோ கிடைத்ததும் வீட்டில் அடுத்து எழும் பேச்சு கார். குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள், சின்ன ஹேட்ச்பேக் போதவில்லை. ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கி நிறையச் சாமான் ஏற்றி, சென்னையிலிருந்து இரவோடு இரவாக மதுரைக்கோ நெல்லைக்கோ போய்ச் சேர ஒரு நல்ல செடான் வேண்டும். ஷோரூமில் நுழைந்ததும், "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இந்த வேலையில், இந்த ஊரில் இன்னும் எத்தனை வருடம்?

புதிதா பழசா என்பதை இந்தப் பதில்தான் தீர்மானிக்க வேண்டும். எட்டு வருடத்துக்குக் குறையாமல் வைத்து ஓட்டப்போகிறீர்களா? புதிது வாங்குங்கள். இடமாற்றம், வெளிநாட்டு வாய்ப்பு, கம்பெனி மாறும் எண்ணம் என்று நான்கைந்து வருடத்துக்குள் ஏதாவது நடக்கலாம் என்றால், மூன்று நான்கு வருடம் ஓடிய, ஒரே ஓனர் கையில் இருந்த வண்டியைத் தேடுங்கள். பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. காரணம் வரிக் கணக்கில் இருக்கிறது.

முதல் நாளே போகும் பணம்

ஷோரூம் விலை 14 லட்சம் ரூபாய் என்று ஒரு செடானை எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி உயர்ந்தது. 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஆக, 14 லட்சத்துக்கு வரி மட்டும் 2,52,000 ரூபாய். இன்சூரன்ஸும் மற்றச் செலவுகளும் சேர்ந்தால் ஆன்ரோடு விலை 17 லட்சத்தைத் தொட்டுவிடும். நாளைக்கே விற்றாலும் அந்த இரண்டரை லட்சத்தை யாரும் உங்களுக்குத் திருப்பித் தரப்போவதில்லை. இதே மாநிலத்தில் பதிவான பழைய காரை வாங்குகிறவருக்கோ, 15 வருடத்துக்கான வரியை முதல் ஓனர் ஏற்கெனவே கட்டி முடித்திருக்கிறார்.

ஜி.எஸ்.டி.யையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். முன்பு இருந்த 45-லிருந்து நடுத்தர செடானுக்கும் வரி குறைந்தது உண்மைதான். ஆனால் சின்ன காருக்கு 29-லிருந்து 18 ஆகக் குறைந்ததால் இடைவெளி முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. 3,995 மில்லிமீட்டர் நீளமுள்ள டிசையர் ஒரு பக்கம். நாலரை மீட்டரைத் தாண்டும் சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, வெர்ட்டஸ் மறுபக்கம். அந்த அரை மீட்டர் உங்களுக்கு நிஜமாகவே வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கணவன், மனைவி, ஒரு குழந்தை, வருடத்துக்கு இரண்டு ஊர்ப் பயணம் என்றால் டிசையரே தாராளம். அதன் டிக்கி 382 லிட்டர். வெர்னாவில் 528, ஸ்லாவியா, வெர்ட்டஸில் 521, சிட்டியில் 506. ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் நான்கு பெட்டிகளும் ஒன்றாக வரும் குடும்பத்துக்கு அந்த 130 லிட்டர் வித்தியாசம் பெரிது.

பழைய செடானைத் தேடுகிறவருக்கு இன்னொரு வசதி. சந்தை முழுக்க எஸ்.யு.வி. பக்கம் சாய்ந்திருக்கிறது. 2014-ல் வந்து நன்றாக விற்ற மாருதி சியாஸ் 2025-ல் நிறுத்தப்பட்டது. செடான் விற்க வருகிறவருக்கு எஸ்.யு.வி. ஓனர் அளவுக்குப் பேரம் பேச வலு கிடையாது. அதே பணத்துக்கு உயரமான சின்ன எஸ்.யு.வி.யில் கிடைக்காத பின் சீட் இடமும் நெடுஞ்சாலை நிதானமும் இங்கே கிடைக்கும்.

கடன், வரி, கம்பெனி லீஸ்

ஷோரூமில் ஏழு வருடக் கடனைத்தான் முதலில் நீட்டுவார்கள், தவணை சின்னதாகத் தெரியும் என்பதால். 10 லட்சம், 9 சதவீத வட்டி என்று போட்டுப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு மாதம் 20,758 ரூபாய், மொத்த வட்டி சுமார் 2.45 லட்சம். ஏழு வருடத்துக்கு மாதம் 16,089 ரூபாய், வட்டி 3.5 லட்சம். ஐந்து வருடத் தவணை கையைக் கடிக்கிறது என்றால் கார் பெரிது என்று அர்த்தம். ஒரு படி கீழே இறங்குங்கள். பழைய காருக்கு வட்டி கூடுதல் என்பதால், முன்பணத்தை அதிகம் போட்டு மூன்று வருடத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பவர் 1 சதவீதம் வருமான வரி பிடிப்பார். 14 லட்சத்துக்கு 14,000 ரூபாய். இது உங்கள் பணம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம். அல்லது அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே கழித்துக்கொள்வார்கள்.

உங்கள் நிறுவனம் கார் லீஸ் தருகிறதா? 1.6 லிட்டருக்கு உட்பட்ட என்ஜின் என்றால் வரிக் கணக்கில் சலுகை மதிப்பு குறைவு. இன்றைய நடுத்தர செடான்கள் எல்லாமே அந்த எல்லைக்குள் வருகின்றன. உச்ச வரி விகிதத்தில் இருப்பவருக்கு நல்ல லாபம். ஆனால் கையெழுத்துப் போடும் முன், வேலையை விட்டால் என்ன ஆகும் என்ற பத்தியை மூன்று முறை படியுங்கள். மீதித் தொகையை ஒரே மூச்சில் கட்டி வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டுமா, திருப்பிக் கொடுத்தால் அபராதம் எவ்வளவு, புதிய நிறுவனத்துக்கு லீஸை மாற்ற முடியுமா? நல்ல வேலை ஒன்று தேடி வரும்போது காருக்காக அதைத் தள்ளிப்போடும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

வேறு மாநிலத்துக்கு மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து, அங்கேயும் வரி கட்ட வேண்டும். 2021-ல் வந்த பி.எச். பதிவு எண் இதற்கான தீர்வு. அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் கேட்கலாம். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தருகிறார்களா என்று முன்பதிவுக்கு முன்பே விசாரியுங்கள்.

எந்த வண்டி, எந்த கியர்?

தினமும் ஓ.எம்.ஆரில் ஊர்ந்து போகிறவருக்கும், வாரம் இரண்டு முறை சென்னை–கோவை ஓட்டுகிறவருக்கும் ஒரே காரைச் சிபாரிசு செய்ய முடியாது. நெரிசலில் ஊர்கிறவருக்கு சி.வி.டி. நல்லது. சிட்டி ஆட்டோமேட்டிக், வெர்னாவின் டர்போ இல்லாத 1.5 ஆட்டோமேட்டிக் இரண்டும் அந்த வகை, குலுக்காது. ஸ்லாவியா, வெர்ட்டஸில் 1.0 டர்போ என்ஜினுடன் வரும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் நெரிசலைத் தாங்கும். 150 குதிரைத் திறன் கொண்ட 1.5 டர்போ ஸ்லாவியாவும், 160 கொண்ட டர்போ வெர்னாவும் நெடுஞ்சாலையில் அருமையான வண்டிகள். ஆனால் அவற்றின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் எண்ணெயில் நனையாத வகை. நிறுத்தி நிறுத்தி நகரும்போது சூடேறும். அவற்றைப் பழசாக வாங்கினால் வாரண்டி பாக்கி இருக்கும் வண்டியாகப் பாருங்கள்.

பழைய டீசல் செடான் மைலேஜ் ஆசை காட்டும். மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் மட்டும் யோசிக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசலில் புகை வடிகட்டி இருக்கிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பத்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது. அதைத் தாங்கும் பாகங்களோடு கார்களைத் தயாரிப்பது 2023 ஏப்ரல் முதல்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய காரை வாங்கும்போது பெட்ரோல் மூடியின் உட்பக்க ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். அப்பாவையோ அம்மாவையோ பின் சீட்டில் உட்காரச் சொல்லி, தானாக எழுந்து இறங்கச் சொல்லுங்கள். செடானின் சீட் தாழ்வு. மூட்டுவலி உள்ளவர் கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, இரண்டாவது முயற்சியில்தான் எழுகிறார் என்றால் அந்தக் கார் உங்கள் வீட்டுக்கு ஆகாது. மற்ற எந்த வசதியும் அதற்கு ஈடில்லை. பிறகு ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். அடி தட்டுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நடுவில் உட்காருகிறவருக்கும் தோளோடு வரும் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வெர்னா, ஸ்லாவியா, வெர்ட்டஸ் மூன்றும் 2023-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. குழந்தைகள் உள்ள வீட்டில் சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை ஆறு ஏர்பேக் உள்ள வண்டிக்குக் கொடுங்கள்.

பழைய காரை நேரில் பார்க்கும்போது

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜினில் வரும் சத்தத்தையோ புகையையோ மறைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. 2021 மாடல் கார் 25,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார், நான்கு டயரும் 2024-ல் செய்தவை என்றால், மீட்டர் மேல் சந்தேகப்படுங்கள். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருப்பதும், ஸ்டியரிங்கின் தோல் பளபளப்பதும் அதே கதையைச் சொல்லும். கண்ணாடிகளின் மூலையிலும் வருடக் குறியீடு உண்டு. ஒரே ஒரு கண்ணாடி மட்டும் வேறு வருடம் என்றால் ஏன் என்று கேளுங்கள். பானெட், மட்கார்டு போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது.

சென்னை வண்டி என்றால் வெள்ளச் சோதனை கட்டாயம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. அவற்றில் பல துடைத்து, மெருகேற்றி விற்பனைக்கு வந்தன. வெளியூர் எண்ணோடும் வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் முதல் இரண்டடியைத்தான் கழுவுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடிக்குழியைப் பாருங்கள். சீட்டின் அடியில் அது நகரும் தடத்தின் போல்ட்டுகளில் துரு, ஃப்யூஸ் பெட்டியில் பச்சை படிந்த முனைகள், ஏ.சி. போட்டதும் ஈரத்துணி வாடை: இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். மின்வயர்களுக்குள் புகுந்த தண்ணீரின் விளைவு ஒரு வருடம் கழித்துக்கூட வெளிவரும்.

ஓட்டும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். 'டக் டக்' என்று கேட்டால் முன் ஆக்சில் மூட்டு தேய்ந்திருக்கிறது. மதிய வெயிலில் வண்டியை நிறுத்தி வைத்து, ஓடும் என்ஜினில் ஏ.சி. குளிர்கிறதா என்றும் பாருங்கள். பிடித்துவிட்டால், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோய்ப் பணம் கட்டிச் சோதனை செய்யுங்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் அங்கே சர்வீஸ் வரலாறும், அன்றைக்கு ஓடியிருந்த கிலோமீட்டரும் கிடைக்கும். அதற்குச் சம்மதிக்காத ஓனரிடம் பேச்சை நிறுத்திவிடலாம்.

விலை பேசும்போது இன்சூரன்ஸ் கணக்கு ஒரு பிடி தரும். மூன்று வருடம் முடிந்து நான்காவது வருடத்தில் இருக்கும் காருக்கு ஷோரூம் விலையில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பது வழக்கம். 14 லட்சம் கார் 8.4 லட்சமாகிறது. சந்தை விலை இதற்கு மேலே இருக்கலாம். பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள். டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதுவும் கடைசியில் விலைக்குள்தான் வரும். நேரடியாக ஓனரிடம் வாங்கினால் அது இல்லை. அலுவலக நோட்டீஸ் போர்டும் வாட்ஸப் குழுவும் இதற்கு நல்ல இடம். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் சக ஊழியரின் கார், வரலாறு தெரிந்த காராக இருக்கும்.

புதிதுதான் என்று முடிவு செய்தவர்கள் ஆடி மாதத்தில் பேரம் பேசுங்கள். கூட்டம் குறைவு, சலுகை கூடுதல். டிசம்பரில் தள்ளுபடி இன்னும் அதிகம், ஆனால் ஜனவரியில் அது போன வருட மாடல் ஆகிவிடும். எட்டு வருடம் வைத்திருப்பவருக்கு அது பொருட்டில்லை. பதிவுக்கு முன் யார்டுக்கே போய், சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள். இன்சூரன்ஸை வெளியிலும் விலை கேளுங்கள்.

பழைய காருக்குக் காகித வேலை பாக்கி. முன்பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் பதிவு இருக்கிறதா, அபராதச் சலான் பாக்கியா என்று பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வரட்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அவருடைய ஃபாஸ்டேகை அவரே வங்கியில் சொல்லி மூடட்டும். அது மூடாமல் உங்கள் பெயரில் புதியது கிடைக்காது. முதல் ஊர்ப் பயணத்துக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.